மடிக்கோலும் கிராபிக்ஸ் கார்டும்

அந்தக் கார்டு எங்கள் வீட்டுக்கு வந்தது ஐப்பசி முதல் வியாழக்கிழமை. காலையில் தூறல், பிற்பகலில் கனமழை, பூண்டி ஏரியைத் திறந்துவிட்டார்கள் என்று மாலையில் ஒரு வதந்தி. இவ்வளவும் என் நாட்குறிப்பில் இருக்கிறது. எதையும் கிழமை போட்டு எழுதிவைக்கிற வியாதி எனக்கு உண்டு. பெரிய மனிதர்கள் எழுதிவைத்தால் அது வரலாறு. நான் எழுதிவைப்பது என்றைக்காவது பழைய பேப்பர் கடைக்குப் போகும். ஆனால் கிழமையில் மட்டும் தப்பு இருக்காது.

முகக்கவசங்கள் மூக்கை விட்டு இறங்கித் தாடையில் குடியேறிவிட்ட வருஷம் அது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் எனக்கு வேலை. உலை எத்தனை டிகிரி, எந்த நேரத்தில் எத்தனை இரும்புக் கட்டி உள்ளே போனது, எதனால் உருளை நின்றது என்று மணிக்கு ஒரு தரம் எழுத வேண்டும். சம்பளம் கொடுத்து எழுதச் சொல்கிறார்கள் என்பதே எனக்கு ஆச்சரியம். இல்லாவிட்டாலும் எழுதியிருப்பேன்.

ஆலை கேன்டீனில் அப்போது சாம்பாரைத் திட்டுவதைக்கூட நிறுத்திவிட்டு எல்லோரும் கணினி நாணயத்தைப் பற்றிப் பேசினார்கள். அதில் தலைவர் எங்கள் எலக்ட்ரீஷியன். ஆந்திர எல்லையை ஒட்டிய கிராமத்துக்காரர். நாலு ஏக்கர் நெல், இரண்டு எருமை, கையில் எப்போதும் டெஸ்டர். மைனிங் என்றால் என்ன என்று அவரிடம்தான் கேட்டேன்.

"உலகத்துல எவனோ எவனுக்கோ டப்பு அனுப்பறான் நைனா. அது கரெக்டான்னு நம்ம கார்டு கணக்கு போட்டுச் சொல்லுது. சொன்னதுக்குக் கூலி. அவ்ளோதான்."

சும்மா இருக்கிற ஒரு பொருள் நாள் முழுக்கக் கணக்கு எழுதுகிறது என்பது எனக்குப் பிடித்துப்போயிற்று. காசு வரும் என்று நான் நம்பவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் நான் மயங்கியது அந்தக் கணக்கெழுத்தில்தான். பெரியபாளையத்தில் அவருடைய சொந்தக்காரர் ஒருவர் கேம் சென்டர் நடத்தி, ஊரடங்கில் மூடியிருந்தார். அங்கிருந்த பழைய கார்டு ஒன்றை எனக்கு வாங்கிக் கொடுத்தார். எட்டு ஜிபி, இரண்டு விசிறி. ஒரு விசிறி சுற்றும்போது விசும்பியது.

அதை வைக்க இடம் தேடினேன். திருவள்ளூரில் கோயிலுக்குப் பின்புறச் சந்தில் எங்கள் வீடு. கூடத்தில் வைத்தால் இரைச்சல் என்றாள் என் மனைவி. படுக்கையறையில் வைத்தால் நான் கூடத்தில் படுக்க நேரிடும் என்றும் சொன்னாள். மிச்சம் இருந்தது சமையலறையை ஒட்டிய மடி அறை. குறுகலான அறை, கொல்லைப் பக்கம் ஒரு ஜன்னல், உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்கும் ஒரு மூங்கில் கொடி. அந்தக் கொடி என் அண்ணாவுடையது.

அண்ணா என்னைவிடப் பதினோரு வயது மூத்தவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெருமாள் கோயில் மடப்பள்ளியில் தளிகை, அதாவது பெருமாளுக்குச் சமையல், செய்கிறவர். அதற்கென்று தானே துவைத்து, யாரும் தொடாமல் உலர்ந்த வேட்டியைத்தான் உடுத்த வேண்டும். அந்தச் சுத்தத்துக்குத்தான் மடி என்று பேர். உயரத்தில் இருக்கும் கொடியில் போடவும் எடுக்கவும் ஒரு நீளக் கோல் வைத்திருக்கிறார். மடிக்கோல். நாற்பது வருஷத்தில் அந்தக் கோலைக் கையாளும் வித்தையில் அவர் தேர்ந்திருந்தார். ஒரு மடிப்பு கலையாமல் வேட்டியை இறக்கித் தோளில் வாங்கிக்கொள்வார். கிரேன் ஆபரேட்டராகப் போயிருந்தால் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் நல்ல சம்பளம் கிடைத்திருக்கும்.

மடப்பள்ளி முறை எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் பொது. ஒரு வாரம் அண்ணா, மறுவாரம் எங்கள் சித்தப்பா பிள்ளை. அந்த வருஷம் மழை விடாமல் பெய்ததில் அண்ணாவின் வேட்டி காயவே இல்லை. ஈரத்தோடு உடுத்திக்கொண்டு போனார். புரட்டாசிக் கடைசியில் இருமல் பிடித்தது, விடவில்லை. மடப்பள்ளியில் இருமுகிறவர் நிற்கக் கூடாது. அங்கே பெரியவராக இருந்தவர் இரண்டு தடவை பொறுத்துப் பார்த்துவிட்டு, மார்கழி பிறப்பதற்குள் இருமல் நிற்காவிட்டால் அண்ணாவின் வாரங்களையும் சித்தப்பா பிள்ளையே பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டார். சித்தப்பா பிள்ளை அதைக் கேட்டு மிகவும் வருத்தப்பட்டான். அந்த வருத்தத்தைத் தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டும் இருந்தான்.

ஸ்டேஷன் பக்கத்து டாக்டர் மருந்து கொடுத்து, முதலில் ஈரத்துணி உடுத்துவதை நிறுத்தச் சொன்னார். அயர்ன் செய்துகொள்ளலாமே என்று என் மனைவி யோசனை சொன்னாள். அந்தப் பெட்டி என் ஃபாக்டரி பேண்டைத் தேய்த்த பெட்டி என்று அண்ணா அதை நிராகரித்தார். புதுப் பெட்டி வாங்கித் தருகிறேன் என்றேன். அதையும் கடைக்காரன் தொட்டுத்தானே உன்னிடம் கொடுப்பான் என்றார். மடப்பள்ளியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், வீட்டோடு இருங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. அந்த மனிதருக்கு வேறு வேலையும் கிடையாது, வேறு சிநேகமும் கிடையாது. காலையில் அந்த அடுப்புப் புகையில் நிற்காத நாளில் அவர் கூடத்தில் இங்கும் அங்கும் நடந்து எல்லோரையும் பேஜார் செய்வார். சொல்லாமல் விட்டேன்.

இந்த நிலைமையில்தான் அவர் அறையில் கார்டு வைக்கலாமா என்று கேட்டேன்.

"என் கொடி மேல இருக்கு. உன் பொட்டி கீழ இருக்கட்டும். நடுவுல பெருமாள் இருக்கார்" என்றார். அனுமதி கிடைத்தது.

கார்டைக் கணினிப் பெட்டிக்குள் அடைத்தால் சூடாகும் என்பதால் வெளியே காற்றாட நிறுத்த ஒரு ஸ்டாண்ட் வேண்டும். எலக்ட்ரீஷியன் தன் வீட்டிலிருந்து ஓர் இரும்பு ஸ்டாண்டைக் கொண்டுவந்து, வெள்ளிப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார். அவர் வீட்டு வாசலில் அது என்னவாக இருந்தது என்று எனக்குத் தெரியும். செருப்பு ஸ்டாண்ட். அண்ணாவிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

கார்டைச் சும்மா ஓடவிட்டால் அது மாட்டுச் சந்தை மாதிரி இரைந்துகொண்டு மின்சாரத்தைக் குடிக்கும். கூலியோ கொஞ்சம். அதைப் பழக்க வேண்டும். கணக்குப் போடும் மூளையின் வேகத்தைக் குறைக்க வேண்டும், நினைவகத்தின் வேகத்தை ஏற்ற வேண்டும், போகிற மின்சாரத்துக்கு ஒரு வரம்பு கட்ட வேண்டும், விசிறியைச் சரியான சுற்றில் நிறுத்த வேண்டும். நினைவகத்தை அளவுக்கு மீறி ஏற்றினால் கணக்கு தப்பும். இன்னும் ஏற்றினால் திரை உறைந்து எல்லாம் நின்றுவிடும். இணையத்தில் இதைப் பற்றி எழுதுகிற பையன்கள் நான்கையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு, ஓடினால் தன் சாமர்த்தியம், ஓடாவிட்டால் கார்டின் தலைவிதி என்கிறார்கள். நான் ஆலை வழக்கப்படி நோட்டுப் போட்டேன். ஒரு நாளைக்கு ஒரு மாற்றம்தான். கிழமை, நேரம், வேகம், சூடு, மழை உண்டா இல்லையா.

முதல் வாரம் தங்கமாக ஓடியது. நினைவகத்தை ஒவ்வொரு படியாக ஏற்றினேன், மின்சாரத்தைப் படிப்படியாக இறக்கினேன். சூடு அறுபத்தைந்தைத் தாண்டவில்லை. பொதட்டூர்பேட்டையிலிருந்து வேலைக்கு வரும் சூப்பர்வைசரிடம்கூட, அவர் கேட்காமலேயே, விளக்கிச் சொன்னேன்.

இரண்டாவது வாரம் வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குக் கார்டு செத்தது. ஆலையிலிருந்தபடி ஃபோனில் பார்க்கலாம். பச்சைப் புள்ளி இருந்தால் ஓடுகிறது, சிவப்பென்றால் நின்றுவிட்டது. மாலை வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு (குளிக்காமல் அந்த அறைக்குள் போக முடியாது) மறுபடி ஓடவிட்டேன். சனிக்கிழமை பத்தே முக்காலுக்கு மறுபடி சிவப்பு. ஞாயிற்றுக்கிழமை நான் அறையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன், நிற்கவே இல்லை. என் கண்பார்வைக்கு அது பயப்படுகிறது என்று நினைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை நான் ஆலையில் பதினொரு மணிக் குறிப்பை எழுதுவதற்குள் அது நின்றுவிட்டது. வியாழன் வரைக்கும் இதே கதை.

நினைவக வேகத்தை இறக்கினேன். அடுத்த வாரம் ஒழுங்காக ஓடியது. வியாதி தீர்ந்தது என்று நோட்டில் அடிக்கோடிட்டு எழுதினேன். அதற்கு அடுத்த வெள்ளி, பத்தரை, சிவப்பு. கார்டைப் பிரித்து, சூட்டைக் கடத்துகிற பழைய பசையைச் சுரண்டிவிட்டுப் புதுப் பசை தடவினேன். பவர் சப்ளையை மாற்றினேன். கார்டையும் கணினியையும் இணைக்கும் கேபிளை மாற்றினேன். பத்தரை மணிக்குத் தெருவில் யாராவது போர் மோட்டார் போடுகிறார்களா என்று எதிர்வீட்டில் விசாரித்தேன். மோட்டார் எட்டு மணிக்கே போட்டுவிடுவோம், உங்களுக்கு ஏன் என்று சந்தேகத்தோடு கேட்டார்கள்.

கார்த்திகை முதல் வாரம் நோட்டை ஆலைக்கு எடுத்துக்கொண்டு போய் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்தேன். உணவு இடைவேளையில் அவர் மோர் மிளகாயைக் கடித்துக்கொண்டே பக்கம் பக்கமாகப் புரட்டினார். வேகம், வோல்ட், சூடு எதையும் அவர் பார்க்கவில்லை. கிழமைகளை மட்டும் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு போனார்.

"சார், இது கார்டு கோளாறு இல்ல" என்றார். "இது ஷிஃப்ட்டு."

எனக்குப் புரியவில்லை.

"நல்லாப் பாரு. ஒரு வாரம் நிக்குது, ஒரு வாரம் ஓடுது. வெள்ளிக்கிழம ஷிஃப்ட்டு மாறுது. ஞாயித்துக்கிழம வீக்லி ஆஃப் வேற எடுத்துக்குது. உன் ஊட்ல எவனோ வேல செஞ்சிக்கினு கீறான் நைனா. எவன்னு பாரு."

இருபத்தேழு வருஷமாக ஷிஃப்ட் மாறி மாறி வேலை செய்த மனிதர். என் நோட்டில் நான் பார்க்காததை ஒரு டம்ளர் மோர் குடிக்கிற நேரத்தில் பார்த்துவிட்டார். வெள்ளிக்கிழமை முறை மாறுகிற ஆள் எங்கள் வீட்டில் ஒரே ஒருவர்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. அதை நோட்டில் எழுதவில்லை.

அண்ணாவின் அடுத்த வாரம், செவ்வாய்க்கிழமை, லீவு போட்டேன். வீட்டில் சொல்லவில்லை. வழக்கம்போல் டிபன் டப்பாவோடு கிளம்பி, தெருமுனை வரை போய்விட்டு, கொல்லை வழியாகத் திரும்பி வந்து, மடி அறை ஜன்னலுக்கு வெளியே குடை பிடித்துக்கொண்டு நின்றேன். ஐம்பத்தொரு வயதில் சொந்த வீட்டை வேவு பார்த்தேன்.

ஒன்பதே முக்காலுக்கு அண்ணா கோயிலிலிருந்து வந்தார். கிணற்றடியில் குளித்து, வேட்டியையும் மேல்துணியையும் துவைத்துப் பிழிந்து, இருமிக்கொண்டே அறைக்குள் வந்தார். கோலை எடுத்தார். மூங்கில் கொடியை உத்தரத்தோடு கட்டியிருந்த கயிற்றைக் கோலின் நுனியாலேயே தளர்த்தி, கொடியை இறக்கினார். அது என் கார்டுக்குச் சரியாக ஒரு முழம் மேலே வந்து நின்றது. வேட்டியை அதன் மேல் விரித்து, இரண்டு பக்கமும் கோலால் இழுத்துவிட்டார். செருப்பு ஸ்டாண்டு, கார்டு, விசிறி எல்லாம் கூடாரத்துக்குள் போயின. கூடாரம் லேசாக உப்பியது. அண்ணா எட்ட நின்று கையை நீட்டி, வருகிற சூட்டைக் குளிர் காய்கிறவர் மாதிரிப் பார்த்தார். முகத்தில் ஒரு திருப்தி.

கார்டு தான் விட்ட சூட்டையே மறுபடி இழுத்துக்கொண்டு நாற்பது நிமிஷம் தாங்கியது. பிறகு விசிறியின் சத்தம் தணிந்தது. என் ஃபோனில் சிவப்பு.

"சே, இன்னிக்கும் போச்சு" என்று அண்ணா கார்டைப் பார்த்துச் சொன்னார்.

நான் ஜன்னலுக்கு வெளியிலிருந்து கூப்பிட்டேன். அவர் திடுக்கிடவில்லை. கோலைச் சுவரில் சாய்த்தார்.

"ஏண்டா, நீ ஆபீஸ் போகலையா?"

"என் மெஷினை என்ன அண்ணா பண்றேள்?"

"நான் தொட்டேனா? கோலாலதானே போட்டேன். நீ இருக்கற ஞாயித்துக்கிழமை கொடியை மேலயே விட்டுட்டேன்."

"சூட்டுல நின்னுபோறது. ஒரு மாசமா தலையைப் பிய்ச்சுண்டிருக்கேன்."

"நானும் அதைத்தான் சொல்லணும்னு இருந்தேன். ஒரு மணி நேரம் நன்னா ஊதறது, அப்புறம் செத்துப்போயிடறது. வேட்டி அரைக் காச்சலா நிக்கறது. கொஞ்சம் நல்ல மெஷினா வாங்கியிருக்கலாம்."

ஒரு மாதமாக இரண்டு பேரும் ஒரே புகாரோடு ஒரே வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

வேட்டிக்கு வேறு இடமா இல்லை என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் இருமத் தொடங்கிவிட்டார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருமினார். அப்போதுதான் அவர் இடுப்பில் இருந்த வேட்டியைப் பார்த்தேன். நேற்றைய வேட்டி, முழங்காலுக்குக் கீழே ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. மார்கழி பிறக்க மூன்று வாரம்கூட இல்லை.

"காத்து மடிதானேடா?" என்று மூச்சு வாங்கியபடி கேட்டார். "காத்துக்கு ஏது தீட்டு? யோசிச்சுப் பார்த்துட்டுத்தான் போட்டேன்."

சாஸ்திரத்தில் எனக்கு ஆழமில்லை. நாலு புஸ்தகம் படித்திருக்கிறேன், அவற்றில் ஒன்றில்கூட கிராபிக்ஸ் கார்டு இல்லை. காற்று மடிதான் என்று சொன்னேன்.

மனைவிக்கு எல்லாம் தெரிந்தே இருந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க கேட்டேளா?" என்றாள். "வேட்டி போட்டா அது நின்னுபோகும்னு எனக்கு எப்படித் தெரியும்? நிக்கணும்னு வேண்டிண்டிருந்தேன், அது வேற விஷயம்."

அன்று பிற்பகல் ஒரு மாதம் பாடுபட்டுப் பழக்கிய கார்டைத் தலைகீழாகப் பழக்க ஆரம்பித்தேன். கட்டியிருந்த மின்சார வரம்பை அவிழ்த்துவிட்டேன். மூளையின் வேகத்தை ஏற்றினேன். இணையத்துப் பையன்கள் பார்த்தால் அழுதிருப்பார்கள். சூட்டைக் குறைக்க உலகமே முட்டிமோதிக்கொண்டிருந்தபோது நான் சூடு போதவில்லையே என்று கவலைப்பட்டேன். ஆனால் கார்டும் நிற்கக் கூடாது. வேட்டி கூடாரமாகாமல் திரைமாதிரித் தொங்க வேண்டும், கார்டு பின்பக்கத்துக் குளிர்ந்த காற்றை இழுத்து முன்பக்கம் துணி மேல் ஊத வேண்டும். ஸ்டாண்டை ஜன்னலுக்கு முதுகு காட்டித் திருப்பி வைத்தேன். எலக்ட்ரீஷியன் ஆலைத் தகரத்தில் சாய்வாக ஒரு கூரை அடித்துக் கொடுத்தார், ஈரம் சொட்டினால் கார்டில் விழாமல் இருக்க. எதற்கு என்று சொன்னதும் தகரத்தைக் கீழே வைத்துவிட்டு ஐந்து நிமிஷம் சிரித்தார்.

"சாமி வேட்டி காயறதுக்கு கார்டா? இன்னா சார், உன் சுரங்கத்துல இருந்து ஜோரா வேட்டி எடுக்கற."

நோட்டில் புதிதாக ஒரு பத்தி போட்டேன்: வேட்டி காய்ந்த நேரம். முதல் நாள் ஐந்து மணி நேரம். கொடியை ஒரு சாண் தள்ளிக் கட்டியதும் நாலு. மேசை விசிறி ஒன்றை மூலையில் சேர்த்ததும் மூன்றேகால். அதற்குக் கீழே இறங்கவில்லை. அண்ணா பத்து மணிக்குப் போட்டால் ஒன்றேகாலுக்கு எடுக்கலாம். மாலை நாலு மணிக்குத் திரும்பக் கோயிலுக்குப் போவதற்கு முன் ஒரு தூக்கமும் போடலாம். கரண்ட் பில்லும் வந்த நாணயமும் ஏறக்குறைய ஒன்றுக்கொன்று சரியாயின. அடுத்த வருஷம் அந்த நாணயமே தோண்டுகிறவர்களை வேண்டாம் என்று கைகழுவிவிட்டது. உலகம் முழுக்க அழுதார்கள். நான் தினசரி வானிலை அறிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

கார்த்திகையின் கடைசி வாரம் அண்ணாவின் முறை. காய்ந்த வேட்டியோடு போனார், காய்ந்த வேட்டியோடு வந்தார். திங்கள், ஏழு தடவை இருமல். புதன், மூன்று. இதையும் எழுதினேன், கூடத்தில் உட்கார்ந்து எண்ணி. எண்ணுவது தெரிந்தால் அடக்கிக்கொள்வார் என்று பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். மடப்பள்ளிப் பெரியவர் வியாழக்கிழமை காலை சொல்லாமல் வந்து தூணுக்குப் பின்னால் நின்று காது கொடுத்துக் கேட்டாராம். அண்ணா பொங்கல் உருளியைக் கிளறிக்கொண்டிருந்தார். அரைமணி நேரத்தில் அந்த இடத்தில் ஒரே ஒருவர்தான் இருமினார், புகை ஒத்துக்கொள்ளாமல், அந்தப் பெரியவர். மார்கழி முறை மாறவில்லை என்று அண்ணா வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுக் காபி கேட்டார். அவ்வளவுதான். ஆனால் காபியைக் குடித்துவிட்டு டம்ளரை அலம்பாமல் வைத்துவிட்டுப் போனார். என் நினைவில் அப்படி அவர் செய்தது அந்த ஒரு தடவைதான்.

மார்கழி முதல் சனிக்கிழமை, சித்தப்பா பிள்ளையின் வாரம். கார்டு எந்தக் கவலையும் இல்லாமல் எனக்காக மட்டும் ஓடிக்கொண்டிருந்த வாரம். காலை பத்து மணி இருக்கும், வெளியே மழை. அன்று எனக்கு விடுமுறை. கொல்லைக் கதவருகே சித்தப்பா பிள்ளை நின்றான். இடுப்பில் ஈர வேட்டி, கையில் ஒரு பித்தளை வாளி, அதற்குள் பிழிந்த துணி. என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் நின்ற அண்ணாவைப் பார்த்தான். இந்த மாதத்தில் யாருக்கு என்ன உடம்புக்கு வரும் என்று சொல்ல முடியவில்லை, தெருவில் எல்லோரும் இந்த மெஷினைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று சுற்றி வளைத்து ஆரம்பித்தான். அவன் பேசி முடிக்கிற வரைக்கும் அண்ணா அந்த வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மடிக்கோலை எடுத்தார்.

"வாளியைப் படியில வை. நீ உள்ள வராதே" என்றார். "ஒன்றேகாலுக்கு வந்து வாங்கிண்டு போ."

கோலின் நுனியில் அவன் வேட்டி அறைக்குள் போனது. நான் நோட்டை எடுத்துக் கிழமையையும் நேரத்தையும் எழுதி, எத்தனை பேருடைய வேட்டி என்று புதிதாக ஒரு பத்தி போட்டு, அதில் இரண்டு என்று எழுதினேன்.